மாமனார் பெயர்

"மறுபடியும் வெள்ளைதான் வருது. நீயே வந்து பாரு" என்று மடிக்கணினியை மருமகள் பக்கம் திருப்பினார் அக்மத்.

மேலே சிவப்பில் தொடங்கி, கீழே போகப் போகப் பொன்னிறமாக மாற வேண்டிய பக்கம் அது. எழுத்துகளை அவர் வெள்ளையில் வைத்திருந்ததால், பின்னணி நிறம் வராமல் ஒரு வரியும் கண்ணில் படவில்லை.

மலைநாட்டு நரின் நகரில் இருபது வருடம் வேன் ஓட்டிய மனிதர். கல்யாணப் பெண்ணை வழியனுப்பும் விருந்துக்கு, இணைய அழைப்பைத் தானே செய்வேன் என்று பத்து நாளாக வீடியோ பார்த்துப் படிக்கிறார். இன்று மாலைக்குள் சொந்தபந்தம் எல்லோருக்கும் அனுப்பியாக வேண்டும்.

"கடையில கொடுத்திருந்தா அரை மணியில முடிச்சிருப்பான்" என்று அடுப்படியில் விருந்துக்கான போர்சோக் மாவுத் துண்டுகளைப் பொரித்துக்கொண்டிருந்த மாமியார் சோனுன்பு குரல் கொடுத்தாள். "பொண்ணு கொடுக்கிற வீட்டு அழைப்பு இப்படி வெறிச்சுன்னு கிடந்தா, சம்பந்தி வீட்டுல என்ன நினைப்பாங்க?"

"நீ எண்ணெயைப் பாரு. இதை என் கையாலதான் செய்வேன்."

மீரிம் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளும் கற்றுக்குட்டிதான். அவரைவிட ரெண்டு வீடியோ கூடுதலாகப் பார்த்தவள், அவ்வளவே. எழுத்துகள் அவர் பொறுப்பு, நிறங்களை எழுதும் கோப்பு அவள் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் எழுதினதைச் சரிபாருங்க மாமா. ரெண்டு நிறத்துக்கும் நடுவுல கமா இருக்கா?"

அக்மத் திரையில் விரலை வைத்துத் தேடினார். "இருக்கு."

"பிராக்கெட் மூடியிருக்கா? கடைசியில செமிகோலன்?"

"எல்லாம் இருக்கு. அதென்ன மேலே 'வெள்ளைத்தாடி'ன்னு எழுதியிருக்கே? என் கோப்புல நிறம் பூச வேண்டிய கட்டத்துக்கு என் பேரையில்ல வச்சிருக்கேன். யாரு இந்த வெள்ளைத்தாடி?"

மீரிம் தலையைக் குனிந்துகொண்டாள். "நீங்கதான் மாமா."

அடுப்படியிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. "முகத்துல நாலு முடி ஒழுங்கா முளைக்கல, வெள்ளைத்தாடியாம்."

இந்த வீட்டுக்கு வந்த ஏழு வருடத்தில் மீரிம் மாமனாரின் பெயரை ஒருமுறைகூட உச்சரித்ததில்லை. அந்த ஊர் வழக்கப்படி எந்த மருமகளும் உச்சரிக்க மாட்டாள். மரியாதையாக வேறொரு பெயர் வைத்துத்தான் சொல்வாள். கணினிக்கு இந்த வழக்கமெல்லாம் தெரியுமா? இரண்டு இடத்திலும் ஒரே பெயர் இருந்தால்தான் அது நிறம் பூசும்.

"உங்க கோப்புல மாத்திடுங்க மாமா. ரெண்டுலயும் வெள்ளைத்தாடின்னே இருந்துட்டுப் போகட்டும்."

"மாட்டேன். நீ என் பேரை எழுது."

"எப்படி மாமா? எனக்குக் கை வராது."

அக்மத் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். "மருமகதானே எழுதக் கூடாது? நீ எழுதும்மா."

கரண்டியும் கையுமாகச் சோனுன்பு வாசலில் வந்து நின்றாள். இப்போது அவள் சிரிக்கவில்லை. "எழுது கண்ணு" என்றாள்.

மீரிம் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள். ஒருமுறை தப்பாக அடித்து, அழித்துத் திரும்ப எழுதினாள். பிறகு பக்கத்தைப் புதுப்பித்தாள்.

திரையின் மேலே சிவப்பு படர்ந்து, மெல்ல மெல்லப் பொன்னிறமாகிக் கீழே இறங்கியது. அதன் மேல் வெள்ளை எழுத்துகள் பளிச்சென்று தெரிந்தன.

நான்கு வருடத்துக்கு முன்பு மலைப்பாதை விபத்தில் ஒரே மகனைப் பறிகொடுத்த அக்மத், அவன் மனைவிக்காக இப்படி எழுதியிருந்தார்:

"எங்கள் மகள் மீரிமை மணமகளாக வழியனுப்புகிறோம். வந்து வாழ்த்துங்கள். இப்படிக்கு, பெண்ணைப் பெற்றவர்கள் அக்மத், சோனுன்பு."