காயப் போட்ட சட்டை

ரயில்வே யார்டின் நாலாவது தடத்தில் ஸ்பிரிங் உடைந்து ஒரு மாதமாக நின்றது அந்தத் தட்டை வேகன். மேலே டன் கணக்கில் உருக்குப் பட்டைகள். வெயிலில் அவை கொதித்ததால், யார்டு மாஸ்டர் துவைத்த காக்கிச் சட்டையை அவற்றின்மேல்தான் காயப் போடுவார்.

ஒர்க்‌ஷாப் போர்மேனான மருமகனுக்குப் போன் போட்டார்.

“மாப்பிள்ளை, புது ஸ்பிரிங் எப்போ வரும்? தடம் காலியாகலைன்னா என் வேலைக்கே உலை வெச்சிடுவாங்க.”

“நான் என்ன மாமா பண்றது? ஸ்பிரிங் செய்ய உருக்கு வரணுமே! வர்ற வழியில எவனோ ஒரு மடையன் வண்டியை நிறுத்தி வெச்சிருக்கானாம். இங்க எனக்கு மெமோ கொடுத்துட்டாங்க.”

“அவனைச் சும்மா விடாதீங்க மாப்பிள்ளை! ஆள் யாருன்னு சொல்லுங்க, நானே சட்டையைப் பிடிச்சுக் கேக்கறேன்.”

“எந்த யார்டுன்னு சாயங்காலம் தெரிஞ்சிடும் மாமா.”

பேசிக்கொண்டே காய்ந்த சட்டையை எடுத்தார். அடியில், உருக்கின்மேல் வெள்ளைப் பெயிண்டில் பெரிதாக எழுதியிருந்தது, மருமகனுடைய ஒர்க்‌ஷாப்பின் பெயர்.

சட்டையை மறுபடி அதே இடத்தில் விரித்தார்.

“கோபப்படாதீங்க மாப்பிள்ளை. பாவம், அவனும் யாருக்காவது மாமனாரா இருப்பான்.”