பாறை இருக்கும் இடம்

“அந்தப் பாறை எங்க இருக்குன்னு மட்டும் சொல்லு தம்பி. மீதியை என் துப்பாக்கி பார்த்துக்கும்.”

“சொல்ல மாட்டேன்.”

வனத்துறை அழைத்ததால் நெடுந்தூரம் வந்திருந்தார் வேட்டைக்காரர். காட்டில் கேமரா வைக்கும் ஓர் ஒல்லிப்பிச்சான் இப்படி முகத்தில் அடித்தாற்போல் பேசுவான் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. ரேஞ்சரோ, மேசை விரிப்பின் நூலைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வேட்டைக்காரர் மேசைமேல் இருந்த இரண்டு படங்களையும் விரலால் தட்டினார்.

“ஒரு பொண்ணை அடிச்சிட்டு ஓடையைத் தாண்டுது, இது. பாறை இடுக்குல குட்டிகளோட படுத்திருக்கு, இது. ரெண்டும் ஒரே சிறுத்தை. இதுல என்ன ஆராய்ச்சி?”

“முதல் படத்துல தெரியறது வலப்பக்கம். ரெண்டாவதுல இடப்பக்கம். சிறுத்தைக்கு ரெண்டு விலாவுலயும் புள்ளி ஒரே மாதிரி இருக்காது. ஒண்ணுதான்னு எதை வெச்சு சொல்றீங்க?”

“வேறயாவே இருக்கட்டுமே. ஒண்ணைச் சுட்டாத்தான் ஊர் அடங்கும்.”

“ஊர் வாயை அடைக்க, குட்டி போட்டதைச் சுடுவீங்களா? அது வீட்டுல அது இருக்கு. நாமதான் உள்ள போனோம்.”

வேட்டைக்காரருக்குச் சுருக்கென்றது. தேநீர் ஊற்றிக்கொள்ள அலமாரியிலிருந்த நீலக் கோப்பையை எடுத்தார். அவன் சட்டென்று அதை வாங்கிக்கொண்டு, வேறொன்றை நீட்டினான்.

“அது வேண்டாம். இதுல குடிங்க.”

“அடேங்கப்பா! கோப்பையவே தர மாட்டேங்கற, பாறையையா காட்டப்போற?” வேட்டைக்காரர் ரேஞ்சர் பக்கம் திரும்பினார். “என்ன சார், உங்க ஆள் சிறுத்தைக்கு மச்சானா?”

ரேஞ்சர் சிரிக்கவில்லை. “விட்டுடுங்க சார்” என்றார்.

“எப்படி விடறது? புதைச்ச மண்ணு இன்னும் காயல.” வேட்டைக்காரர் எழுந்தேவிட்டார். “அந்தப் பொண்ணு இதே ஆபீஸ்ல இருந்தவளாமே. கேமராவுக்கு பேட்டரி மாத்தப் போன இடத்துல செத்திருக்கா. பெரிய நியாயம் பேசறியே, அவ புருஷன் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல உனக்குத் தைரியம் இருக்கா?”

அவன் நீலக் கோப்பையைத் துடைத்து, எடுத்த இடத்திலேயே வைத்தான்.

“தினமும் காலையில கண்ணாடி முன்னாடி நின்னு, அந்த முகத்தைப் பார்த்துதான் சார் சொல்லிக்கிட்டிருக்கேன்.”