சித்தப்பா முறை

"அந்த ஆளு மனுஷனே இல்லக்கா. ஐஸ்கட்டி!"

பையைக் கட்டிலில் வீசினாள் அவள். அறைத் தோழியான சீனியர் அக்கா லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமலே சிரித்தாள்.

"இப்பத்தான் தெரிஞ்சுதா? என்ன பண்ணாரு?"

"நாளைக்கு என்னை விசாரிக்கிற கமிட்டியில அவரும் இருக்காராம். ரூமுக்குப் போய், 'சார், நானும் தமிழ்தான், ஒரு நிமிஷம் பேசணும்'னேன். 'எதுவானாலும் அலுவலகத்தில் கேள்'னு இங்கிலீஷ்ல சொல்லிட்டுக் கதவைச் சாத்திட்டாரு. மூஞ்சிக்கு நேரா!"

உலகமே அண்ணாந்து பார்க்கும் பழம்பெரும் பல்கலைக்கழகம் அது. படிக்கட்டுக் கல்லெல்லாம் தேய்ந்து குழி விழுந்திருக்கும். அத்தனை பெரிய இடத்தில் பேராசிரியர்களில் தமிழர் என்று இருந்தது அவர் ஒருவர்தான். இருந்து என்ன பிரயோஜனம்? வணக்கம் சொன்னால் பதில் வராது. ஒரு பிள்ளையை வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு வாய் காபி கொடுத்ததில்லை. தமிழ் மாணவர்கள் எல்லோரும் ஒருமனதாக வைத்த பெயர்தான் ஐஸ்கட்டி.

அவளுக்கோ கழுத்துக்குக் கத்தி. பரீட்சை அன்று காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். டாக்டர் சான்றிதழை உடனே கொடுத்திருக்க வேண்டுமாம். அது அவளுக்குத் தெரியாது. மறுபடி எழுத விடுவதா, வெளியே அனுப்புவதா என்று மூன்று பேர் நாளை முடிவு செய்வார்கள். வெளியே அனுப்பினால் விசாவும் போச்சு. அப்பா தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்த பெருமையும் போச்சு.

"பயப்படாதே. போன வருஷம் நானும் அதே மேஜை முன்னாடி நின்னவதான்," என்றாள் அக்கா. "அன்னிக்கும் இந்த மகராசன் இருந்தாரு. நிமிர்ந்துகூட பார்க்கல. ரெண்டுக்கு ஒண்ணுன்னு ஓட்டு விழுந்து எப்படியோ தப்பிச்சேன். மத்த ரெண்டு பேரும் நல்லவங்க போல."

அப்போது அம்மாவிடமிருந்து போன் வந்தது. குரலில் ஒரே குதூகலம்.

"கண்டுபிடிச்சிட்டேன்டி! உங்க ஐஸ்கட்டியோட அம்மா பிறந்த ஊருலதான் எங்க பெரியம்மா வாழ்க்கைப்பட்டாங்க. முறை வச்சுப் பார்த்தா உனக்குச் சித்தப்பா ஆகணும்."

"சித்தப்பாவா? அந்த ஆளா?"

"ஆமாடி. அத்தனை பேர் முன்னாடி போட்டு உடை. 'இவரு எங்க சித்தப்பா'ன்னு சொல்லு. அப்புறம் எப்படிக் கைவிடுவாருன்னு பார்ப்போம்."

மறுநாள் கமிட்டி அறை. செத்துப்போன முதல்வர்களின் படங்கள் சுவர் முழுக்க அவளையே முறைத்தன. நீள மேஜைக்கு அந்தப் பக்கம் கமிட்டித் தலைவர், ஒரு பெண் பேராசிரியர், ஐஸ்கட்டி.

தலைவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தார். "வழக்கமான கேள்வி. இந்த மாணவியோடு உங்களில் யாருக்காவது பழக்கம் உண்டா?"

"இல்லை," என்றார் பெண் பேராசிரியர்.

"இல்லை. யாரென்றே தெரியாது," என்றார் ஐஸ்கட்டி.

அவளுக்கு உச்சந்தலை வரை கொதித்தது. நேற்றுத்தானே வாசலில் போய் நின்றாள்! யாரென்றே தெரியாதாமே!

தலைவர் அவள் பக்கம் திரும்பினார். "உனக்கு எங்களில் யாரையாவது தெரியுமா?"

"தெரியும். இவர் எங்க சித்தப்பா."

ஐஸ்கட்டியின் முகம் வெளுத்தது. "இந்தப் பெண் ஏதோ தவறாக..." என்று தொடங்கினார்.

"இல்ல சார். எங்கம்மாவைக் கேளுங்க. எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும்."

தலைவர் பேனாவை மூடிவைத்தார். "மன்னிக்க வேண்டும், பேராசிரியரே. உறவு என்று பேச்சு வந்துவிட்டால் நீங்கள் இங்கே இருக்க முடியாது. விதி உங்களுக்கே தெரியும்."

அவர் எழுந்து, நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிவிட்டு வெளியே போனார். அம்மா போட்ட கணக்கு வேறு, நடந்தது வேறு. ஆனாலும் அவளுக்கு உள்ளுக்குள் குளுகுளு என்றிருந்தது. நல்லா வேணும்! மூன்று பேரில் ஒரு எதிரி ஒழிந்தான்.

அப்புறம் கேள்விகள் கேட்டார்கள். சொன்னாள். அழுதாள். பெண் பேராசிரியர் தண்ணீர் கொடுத்தார்.

வெளியே வந்தபோது வராந்தா பெஞ்சில் ஐஸ்கட்டி உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்தார். அந்த ஆள் அங்கே எதற்குக் காத்திருக்க வேண்டும்? வேடிக்கை பார்க்கத்தான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அந்த மேடம் எழுத விடலாம்னாங்க. தலைவர் முடியாதுன்னுட்டாரு. ஒண்ணுக்கு ஒண்ணு. சமமா வந்தா விதிப்படி வெளியே அனுப்பணுமாம். ஊருக்குப் போகச் சொல்லிட்டாங்க. இப்ப திருப்தியா சார்?"

அவர் மறுபடியும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றி, துடைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பிறகு, அவள் ஒருநாளும் அவர் வாயிலிருந்து கேட்டிராத தமிழில் மெல்லச் சொன்னார்.

"அந்த மேஜையில, வர்ற பிள்ளையைத் தெரியாதவன்தாம்மா உட்காரலாம். உங்களுக்காகக் கை தூக்க உள்ளே ஒருத்தன் வேணுமேன்னுதான், இத்தனை வருஷமா நான் யார்கிட்டயும் தமிழ் பேசாம இருந்தேன்."