அட்டவணை நான்கு

நாகஜோதி வரவில்லை.

காலை ஆறு மணியிலிருந்து செங்கம் சாலையில் ஜியாவுல்லா பாயின் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பௌர்ணமிக் கூட்டம் மலையைச் சுற்றத் தொடங்கிவிட்டது. மணி இரண்டு. ஏழு டீ ஆகியிருந்தது.

என்னைக் கட்டிக்கொள்ள சம்மதம் என்றால் பௌர்ணமியன்று இங்கே வர வேண்டும்; வராவிட்டால் விருப்பமில்லை என்று எடுத்துக்கொள்வேன். நானே போட்ட நிபந்தனை.

போனில் இதைச் சொன்னபோது அவள் நடுவில் ஏதோ சொல்ல வந்தாள். கிரிவலப் பாதை பதினான்கு கிலோமீட்டர், எந்த நேரத்தில் எந்தப் பக்கம் மலையின் நிழல் விழும் என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன்.

இன்று அவள் போன் காலையிலிருந்தே அணைந்து கிடந்தது.

“பொண்ணு என்ன வேல பண்றாங்க சார்?” என்றார், மூன்றாவது டீயிலேயே என் கதையைக் கேட்டு முடித்திருந்த பாய்.

என் முகத்தைப் பார்த்துப் பேச்சை மாற்ற நினைத்திருப்பார். என்னிடம் மட்டும் அப்படிக் கேட்கக் கூடாது.

மன்னார் வளைகுடாவில் கடல்பாசி எடுக்கிறாள் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மூன்று வருடம் அதை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கியவன் அங்கே எப்படி நிறுத்துவான்?

அது காப்பகக் கடல், தீவுகளில் கால் வைக்கக் கூடாது என்றேன். பெண்கள் தீவோரப் பாறைகளில் மூழ்கி எடுப்பார்கள். விரல்களில் துணி சுற்றியிருக்கும். நீந்துவதற்குக் காலில் தகரத் தட்டு கட்டியிருக்கும். கையால்தான் பறிப்பார்கள், சுரண்ட மாட்டார்கள். அடிப்பகுதி பாறையில் நின்றால்தான் மறுபடி தழைக்கும். அதற்கும் மேலே, மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் கடலில் இறங்குவது என்று அவர்களே ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள்.

“எந்தப் பன்னெண்டு நாளு?”

எனக்குப் புல்லரித்தது. என்னிடம் இதுவரை யாரும் இரண்டாவது கேள்வி கேட்டதில்லை.

சிந்தியிருந்த டீயில் விரலைத் தொட்டு பெஞ்சில் சூரியன், பூமி, நிலா மூன்றையும் ஒரே கோட்டில் வரைந்தேன். சூரியனும் நிலாவும் சேர்ந்து இழுக்கும்போது கடல் நன்றாக வற்றும், பாறை கைக்கு எட்டும். அதனால் அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள். என் ஆய்வேட்டில் அட்டவணை நான்கு, கலர் பென்சிலில். தேர்வாளர்களே பாராட்டினார்கள்.

பாய் பெஞ்சில் இருந்த நிலாவைப் பார்த்தார். சாலையில் போகிற கூட்டத்தைப் பார்த்தார்.

“இவ்ளோ தெரிஞ்சி வச்சிக்கினு, இன்னிக்குப் போயி அந்தப் பொண்ண வரச் சொல்லிக்கிறீங்களே சார்!”

நிலாவை உள்ளங்கையால் துடைத்தேன்.

சற்று நேரத்தில் போன் அடித்தது. காற்று இரைச்சல், பின்னால் படகு எஞ்சின் அடங்கும் சத்தம்.

“இப்பத்தான் கரையேறுறேன். அட்டமிக்கு வாரேன்னு அன்னைக்கே சொன்னேன். நீங்கதான் மலையச் சுத்திக்கிட்டே இருந்தீக.”

போனை வைத்ததும் பாயிடம் சொன்னேன், அஷ்டமிக்கு வருகிறாளாம்.

“அதுக்கு இன்னும் எட்டு நாள் கீதே. ஏன் சார், அஷ்டமியில என்னா விசேஷம்?”

அன்று கடல் அவ்வளவாக வற்றாது, அவளுக்கு வேலையிருக்காது. அதற்கும் ஒரு படம் உண்டு. விரலை டீ வரைக்கும் கொண்டுபோய்விட்டேன்.

விரலைப் பின்னால் எடுத்துக்கொண்டு, எட்டாவது டீ சொன்னேன்.