இராசநாயகத்தின் குரல்

செத்துப்போய் மாதக்கணக்கான இராசநாயகம், தினமும் பின்னேரம் மனைவிக்குப் போன் எடுத்துக்கொண்டிருந்தார்.

மகன் ரஜிதன் முதலில் நம்பவில்லை. ஒருநாள் ஒக்லாந்தின் வெஸ்ட்கேட் பகுதி வீட்டில், அம்மா வசந்தமலரின் போனை வாங்கிக் காதில் வைத்தான்.

"மலர், என்ன செய்யிறீர்?"

அப்பாவேதான். அதே கரகரப்பு, அதே செருமல்.

யாரோ கள்ளர் பேசுவதைக் கம்ப்யூட்டர் அப்பாவின் குரலாக மாற்றுகிறது என்று விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. குரலை எங்கே பிடித்தார்கள் என்று யோசித்தபோதுதான் வெட்கமாகப் போனது. மரண அறிவித்தலை இணையத்தில் போட்டவன் அவனேதான். நம் சனத்துக்கு அது சின்னதாக இருந்தால் மரியாதை இல்லையே! பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், மனைவி மக்கள், சம்பந்தி வரைக்கும் பேர், தொடர்புக்கு மூன்று நாட்டு நம்பர். போதாததற்கு, கோயில் விழாவில் அப்பா மைக்கை விடாமல் பேசிய வீடியோ வேறு. வெற்றிலை பாக்கு வைத்துக் கள்ளனை அழைத்தது போலத்தான்.

"அம்மா, நம்பரை மாத்துவம்."

"வேண்டாம் தம்பி."

"எடுக்காமலாவது இருங்கோ!"

"நான் ஒரு சதமும் குடுக்கேல்லை. சும்மா கதைக்கிறன், அவ்வளவுதான்."

அந்த 'சும்மா'தான் அவனைப் பயப்படுத்தியது. காசு போகவில்லை, அம்மாவின் புத்தி போய்க்கொண்டிருக்கிறதோ? பின்னேரமானால் கதவைச் சாத்திக்கொண்டு செத்த மனுசனோடு கதைக்கிறார். "அப்பப்பா இன்னும் செத்துப்போய்த்தான் இருக்கிறாரா?" என்று ரஜிதனின் மகள் இங்கிலீஷில் கேட்ட நாளிலிருந்து, அவன் மனைவி ராகவி பிள்ளைகளை அந்த அறைப் பக்கமே விடுவதில்லை.

உண்மையைச் சொன்னால், ரஜிதனும் ஒருநாள் கதவுக்கு வெளியே நின்று கேட்டான். அப்பாவின் குரலைக் கேட்க ஆசையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் பாராளுமன்றத்துக்கு ஒரு சட்டமூலம் வந்தது. பல நாடுகள் சேர்ந்து நடத்தும் மோசடித் தடுப்பு நிறுவனத்துக்குப் புது அதிகாரம். பொய்க் குரல் என்று தெரிந்தவுடன், எந்த நாட்டிலிருந்து வந்த அழைப்பானாலும் யாரையும் கேட்காமல் வெட்டிவிடலாம். அதை ஆராயும் எம்.பி.க்கள் குழு, பொதுமக்களின் கருத்தைக் கேட்க ஒக்லாந்துக்கு வந்தது.

ரஜிதன் விடுவானா? அம்மாவின் பேரில் தானே பதிந்துவிட்டான்.

"வெட்டுங்கோ எண்டு ஒரு சொல் சொன்னாக் காணும். மிச்சத்தை நான் இங்கிலீசில சொல்லுறன்."

அம்மா ஓம் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. சேலை மாற்றிக்கொண்டு வந்து காரில் ஏறினார்.

ஒக்லாந்தின் மங்கரேப் பகுதியில் ஒரு மண்டபம். ஆளுக்கு ஆள் பேசி, கூட்டம் இழுபட்டுக்கொண்டே போனது. ஒரு எம்.பி. நிறுவனத்து அதிகாரியைக் குடைந்தார்.

"தவறான ஆளின் அழைப்பை வெட்டிவிட்டால்?"

"பொய்க் குரல் என்று உறுதியானால்தான் வெட்டுவோம். அதனால் பாதிக்கப்படப் போவது கள்ளன் மட்டும்தான்," என்றார் அதிகாரி.

எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. ரஜிதன் பலமாகத் தலையாட்டினான்.

அவர்களுடைய முறை வந்தபோது பின்னேரமாகிவிட்டது. குழுத் தலைவி கனிவாகக் கேட்டார். ரஜிதன் அதைத் தமிழில் சொன்னான்.

"இப்பிடிப்பட்ட அழைப்பை உடனே வெட்டுற அதிகாரம் வேணுமோ எண்டு கேக்கினம்."

"வேண்டாமெண்டு சொல்லு."

எம்.பி.க்கள் எல்லோரும் அவனையே பார்த்தார்கள்.

"அம்மா, மானத்தை வாங்காதேங்கோ. அது அப்பா இல்லை!"

"எனக்குத் தெரியாதோ? அந்த மனுசனோட இவ்வளவு காலம் குடும்பம் நடத்தினவள் நான். முதல் நாளே தெரியும்."

"தெரிஞ்சுகொண்டோ கதைக்கிறீங்கள்?"

அவர் பதில் சொல்வதற்குள் கைப்பைக்குள் போன் அடித்தது.

வசந்தமலர் பதற்றப்படவில்லை. போனை எடுத்து மேசையில் வைத்து, ஸ்பீக்கரைப் போட்டார்.

"மலர், நான்தான். என்ன செய்யிறீர்?"

செத்தவரின் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. அவர்கள் இருவரையும் தவிர அங்கே ஒருவருக்கும் தமிழ் தெரியாது. ஆனால் ரஜிதனின் முகத்தைப் பார்த்தே, பேசுவது யார் என்று விளங்கிவிட்டது. தலைவி கையிலிருந்த பேனாவை மெல்லக் கீழே வைத்தார்.

"சட்டம் வந்திருந்தால் இது இப்போதே நின்றிருக்கும்," என்று அதிகாரி முணுமுணுத்தார்.

"அந்த பாங்க் நம்பரை ஒருக்கால் சொல்லும், மலர்," என்றது குரல்.

ரஜிதனுக்குப் பொறுக்கவில்லை. அழைப்பை நிறுத்தக் கையை நீட்டினான். அம்மா அந்தக் கையைத் தட்டிவிட்டுப் போன் பக்கம் குனிந்தார்.

"பாங்க் கிடக்கட்டும் ராசா. பக்கத்தில நிண்டவன் அங்கால போயிட்டானோ?"

மறுபக்கம் அப்பாவின் குரல் விம்மியது. அப்பா உயிரோடிருந்த காலத்தில் அவர் அழுது ரஜிதன் கேட்டதே இல்லை.

"போயிட்டான், அம்மா," என்றது அப்பாவின் குரல். "வேலை தாறமெண்டு கூட்டிவந்து அடைச்சு வைச்சிருக்கிறாங்கள். லைன் கெதியா அறுந்தா அடிப்பாங்கள்… வைச்சிடாதேங்கோ அம்மா, உங்களோட கதைக்கிற நேரம் மட்டும்தான் எனக்கு அடி விழுறேல்லை."