ஆறு ஞாயிறு

"நாப்பத்தாறா? ஏம்மா, தவக்காலத்துல நோன்பு நாள் எத்தனைன்னு தெரியாதவங்க, பிள்ளைங்களுக்கு என்னத்தைச் சொல்லிக் குடுப்பீங்க?"

தராசு சார் விடைத்தாளை மேசைமேல் போட்டார். சிவப்பு மையில் பெரிய பெருக்கல் குறி.

எதிரே நின்றவள் கோயில் துணிகளைத் துவைத்துத் தேய்த்துத் தருகிறவள். ஊருக்கே இஸ்திரி அக்கா. பீடத்து விரிப்புகளை மடிப்புக் கலையாமல் கொண்டுவந்தவள், பலகையில் ஒட்டியிருந்த முடிவைப் பார்த்துவிட்டு உள்ளே வந்திருந்தாள்.

"எந்தக் கேள்வி தப்புன்னு தெரிஞ்சா போதும் சார். அதுக்குத்தான் வந்தேன்."

கோயிலில் ஞாயிறு மறைக்கல்வி ஆசிரியை வேலைக்கு ஒரே ஒரு இடம். பண்டிகை மரபுகள் பற்றிய பொது அறிவுத் தேர்வு வைத்து ஆளை எடுப்பதாக ஏற்பாடு. இருபத்தைந்து கேள்விகள். வங்கி அதிகாரியின் மனைவி இருபத்தைந்தும் சரி. அக்காவுக்கு இருபத்து நான்கு.

பத்து வருடமாக அந்த வகுப்பு வாசலில் நின்று பாடம் கேட்டவள் அவள். ஒரு நாளாவது உள்ளே நின்று சொல்லிக்கொடுத்துவிட வேண்டும் என்று அவளுக்கு உயிராய் ஆசை. அது தராசு சாருக்கும் தெரியும். ஆனால் கேள்வித்தாள் தயாரித்து, திருத்தி, முடிவு சொல்வது அவர். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். சொந்த மகனுக்கே அரை மார்க் கூட்டிப் போடாத கறார் ஆசாமி. பட்டப்பெயர் சும்மா வரவில்லை.

பக்கத்தில் இருந்த பங்குத்தந்தை தாளை எடுத்துப் புரட்டினார்.

"சாம்பல் புதனுக்கான சாம்பல் எப்படிக் கிடைக்குது? போன வருஷத்துக் குருத்தோலையை எரிச்சு. சரி. திருவருகைக் கால மெழுகுவத்தியில ரோஸ் நிறம் எந்த வாரம்? மூணாவது. சரி. எல்லாம் சரியா இருக்கே சார். ஒண்ணே ஒண்ணுதானே?"

"ஒண்ணு ஒண்ணுதான் ஃபாதர். சாம்பல் புதன்லேர்ந்து உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின நாள் வரைக்கும் நாப்பத்தாறு. அதுல ஆறு ஞாயிறு. ஞாயிறு ஆண்டவரோட நாள், நோன்பு கிடையாது. கழிச்சா நாப்பது. சின்னப் புள்ளைகூடச் சொல்லும்."

"நாப்பதுன்னுதான் சார் நானும் படிச்சேன்" என்றாள் அக்கா. "பேனாவைப் பிடிச்சதும் கை எண்ணி வெச்சதை எழுதிடுச்சு."

"எண்ணி வெச்சதா?" என்றார் தந்தை. "என்னம்மா எண்ணினீங்க?"

"விடுங்க ஃபாதர். தப்பு தப்புதான்."

அவள் விரிப்புகளை அலமாரியில் அடுக்கத் திரும்பினாள். சாருக்கு அது பிடிக்கவில்லை. தன் திருத்தலில் ஏதோ குறை இருக்கிற மாதிரி ஒருத்தி பாதியில் விட்டுப் போவதா?

"நில்லுங்கம்மா. காரணம் இருந்தா சொல்லுங்க. நியாயமா இருந்தா நானே மார்க் போடறேன். நான் யாருக்கும் வஞ்சகம் பண்றவன் இல்ல."

அக்கா தயங்கினாள்.

"தவக்காலத்துல நம்ம மதியச் சாப்பாட்டை விட்டுட்டு, அதை டப்பாவுல போட்டு, எழுந்து நடமாட முடியாதவங்களுக்குக் கோயில்லேர்ந்து குடுக்கிறோம் இல்லையா சார்? என் டப்பா பாலத்துக்குப் பக்கத்து மாடி அறைக்குப் போச்சு. கால் முறிஞ்சு கிடக்கிற ஒரு பெரியவர்."

சார் பேனாவை மூடினார்.

"முதல் சனிக்கிழமை பாதிச் சாப்பாட்டை எடுத்துத் தனியா மூடி வெச்சார். ஏங்க, பசிக்கலையான்னேன். நாளைக்கு ஞாயிறு, நோன்பு இல்ல, நீங்க வரமாட்டீங்களேன்னார். அதுக்கப்புறம் ஞாயித்துக்கிழமை உக்காந்து சாப்பிட எனக்குத் தொண்டையில இறங்கல சார். என் தட்டுல இருக்கிறதை எடுத்துட்டுப் போயிட்டேன். ஆறு ஞாயிறும். அதையும் சேர்த்து எழுதிட்டேன் போல."

தந்தை சாரின் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

பாலத்துக்குப் பக்கத்து மாடி அறை சாருக்குத் தெரியாததல்ல. அங்கே கிடப்பது அவருடைய கூடப்பிறந்த அண்ணன். வீட்டைப் பாகம் பிரித்ததில் வாய்ச்சண்டை முற்றி, ஏழு வருடமாக முகத்தில் முழிப்பதில்லை. கால் முறிந்த செய்தி வந்தபோதும், கோயிலிலிருந்துதான் சாப்பாடு போகிறதே என்று இருந்துவிட்டார். ஆறு ஞாயிறும் சார் வீட்டில் விருந்து நடந்தது.

"அவர்..." சார் விடைத்தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அவர் வேற ஏதாவது சொன்னாரா?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஞாயித்துக்கிழமை மட்டும் கேப்பார் சார். இன்னைக்குக் கோயில் சாப்பாடு கிடையாதே, என் தம்பி குடுத்தனுப்பினானான்னு. ஆமான்னு சொன்னா ஒரு பருக்கைகூட மிச்சம் வைக்காம சாப்பிடுவார். ஆறு வாரமும் ஆமான்னே சொல்லிட்டேன். அந்தப் பொய்க்கு வேணும்னா இன்னும் ஆறு மார்க் குறைச்சுக்கங்க சார்."