அரிவாள் மூக்கனுக்கு ஐந்து பேர்

அழிந்தேவிட்டது என்று எழுதி மூடிய செந்தலை அரிவாள் மூக்கன் பறவை நாற்பது வருஷம் கழித்துத் திரும்பி வந்து, போயும் போயும் கலைமதி வீட்டுக்குப் பின்னால் இருந்த சாக்கடைக் குட்டையில் இறங்கியது. கால்வாய் கட்டச் சொல்லித் தெருவே மனுக் கொடுத்தபோது வராத அரசாங்க ஜீப், பறவைக்கு மறுநாளே வந்தது. பறவை கிடைத்த இடம் கிடைத்தபோது இருந்தபடியே இருக்க வேண்டும் என்பது சட்டம். குட்டையும் அப்படியே, நாற்றமும் அப்படியே, அதில் கழிவு சேர்க்கும் ஆட்களின் எண்ணிக்கையும் அப்படியே.

அந்த வீட்டின் முதல் பட்டதாரியான கலைமதிக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்தது. ஊரைவிட்டுப் போக அனுமதி கேட்டாள். பறவை வாரியத்தின் கள ஆய்வாளர் ஜெபராஜ் கையை விரித்தார்.

"இந்த வீட்டுக்கு அஞ்சு பேருன்னு பதிவாயிருக்கும்மா. நீ போயிட்டா குட்டைக்கு வரத்து கொறையும். புழு கொறையும். பறவை பட்டினி கெடக்கும்."

"நான் கக்கூஸ் போகலன்னா அது செத்துடுமா? சாவட்டும் சார்! இதுக்கா நான் பி.எஸ்சி. படிச்சேன்?"

"வாய மூடுடி," என்ற அம்மா அஞ்சுகம், ஆய்வாளர் பக்கம் பவ்யமாகத் திரும்பினாள். "அஞ்சு பேருன்னா, யாரு யாருன்னு சட்டத்துல இருக்கா சார்?"

"ஆள் பேரு இல்ல. எண்ணிக்கை மட்டும்தான்."

"நீங்கதான் தெனம் காலையில இங்க டூட்டிக்கு வரீங்களே. வீட்ல போவாம அடக்கிக்கிட்டு வாங்க. நான் சூடா டீ போட்டு வைக்கிறேன்."

கலைமதி அனுமதிப் படிவத்தில் 'பதிலாள்' என்ற கட்டத்தில் அவர் பெயரை எழுதி நீட்டினாள். "போடுங்க சார். இல்லாட்டி இன்னிக்கே குட்டையில ஒரு மூட்டை பிளீச்சிங் பவுடர் கொட்டுவேன்."

ஜெபராஜ் பறவையைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

"சக்கரை கம்மியா போடுங்கம்மா," என்றார்.